செகண்ட்ஸ் பதினொன்று

இருநூற்று நாற்பது பீஸ்.
அவ்வளவுதான் ஆர்டர்.
டல் சீசன். இல்லாவிட்டால் எங்கள் ஓனர்
இதற்கு ஸ்க்ரீன்கூட இழுத்திருக்க மாட்டார்.

கறுப்பு பனியன், வெள்ளை எழுத்து, ஜப்பானுக்கு.
ஃபிலிமை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து
எது தலை எது கால் என்று
அரை மணி நேரம் சண்டை போட்டோம்.
பூல்மணிதான் விரல் வைத்துச் சொன்னாள்:
இது ஆளுக்கா, கால் அகட்டி நிக்கிறான்,
ஆளு தலைகீழா நிக்க மாட்டான்.

படிக்கத் தெரியாத எழுத்துக்கு நடுவே
நாலு வருஷமாகக் குடியிருப்பவள்.
பஸ் போர்டு, மாத்திரை அட்டை, கரண்ட் பில்
எல்லாவற்றையும் படமாகப் பார்த்தே
பெருமாநல்லூர் ரோட்டில் ஏறி இறங்குகிறாள்.

அவளை நான் இந்திக்காரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.
இந்தி அவளுக்கே அரைகுறை.
வீட்டில் பேசுவது சந்தாலி என்று
போன ஆடியில்தான் தெரியும்.
கேட்டிருந்தால் முன்னமே சொல்லியிருப்பாள்.

அந்த வாரம் ஒரு வீடியோ
போனுக்குப் போன் தாவியது.
எந்த ஊர், எந்த வருஷம், யாருக்கும் தெரியாது.
லைன் வீட்டுக் கதவுகளில் சுண்ணாம்பால் பெருக்கல் குறி.
எங்கள் சந்து முனையில் கம்ப்யூட்டர் எழுத்தில்:
வீடு காலி. வடக்கத்தியருக்கு இல்லை.

ஒட்டியது என் கொழுந்தன் மகன் கதிர்வேல்.
பசை என் வீட்டு மைதாவில் காய்ச்சியது.
என்னிடம்தான் மாவு கேட்டு வாங்கிப் போனான்.
எதற்கென்று நான் கேட்கவில்லை.

மெர்ச்சண்டைசர் சுவாதிகா மெயிலைப் பார்த்து
அர்த்தம் சொன்னது வியாழக்கிழமை.
அங்கே ஓர் ஊரில்
கொரியாக்காரர்கள் குடியிருக்கும் தெரு.
மூணு தலைமுறையாக அங்கேயே பிறந்தவர்கள்.
ஞாயிறானால் கொடி பிடித்து, மைக் கட்டி
ஒரு கூட்டம் வருமாம்:
உன் நாட்டுக்கே போ.
எதிரே இந்தப் பனியன் போட்டவர்கள்
ரோட்டில் உட்கார்ந்துவிடுவார்களாம்.
மீன் கடைக்காரர், ஒரு நர்ஸ், ரிட்டையர் ஆன பஸ் டிரைவர்.
ஆள் குறைச்சல், அதுதான் ஆர்டரும் குறைச்சல்.

எழுதியிருப்பது:
இங்கே இருக்கிற ஆள் எல்லாம் இந்த ஊர் ஆள்.

பூல்மணி ஸ்குயீஜியை நிறுத்தவில்லை.
ஓர் இழுப்பு, ஒரு பனியன்.

பெட்டி கட்டி தூத்துக்குடிக்கு ஏற்றியாயிற்று.
மை கசிவு, எழுத்து இரட்டிப்பு என்று
செக்கிங்கில் நான் கழித்துப் போட்டது பதினொன்று.
அதில் நிஜப் பழுது மூன்று.

ஞாயிறு சாயந்திரம்
ஆதார் கார்டைக் காட்டு என்று பையன்கள்
லைன் வீட்டுக்கு வரப்போவது தெருவுக்கே தெரியும்.
சந்து முனையில் பிளாஸ்டிக் சேர் போட்டோம்.
கட்டிங் மாஸ்டர் அவினாசியப்பன்,
பேக்கரி ரங்கநாயகி,
நோன்பு திறக்கணும், சீக்கிரம் முடியுமா என்ற முஸ்தபா,
சேலைக்கு மேல் எல் சைஸில் நான்.
மொத்தம் ஒன்பது பேர்.
இரண்டு பனியன் சேர் முதுகில் சும்மா கிடந்தன.
பூல்மணியை வர வேண்டாம் என்றிருந்தேன்.
சொல்ல நான் யார் என்று அப்புறம் தோன்றியது.

கதிர்வேல் முன்னால் வந்து நின்றான்.
பின்னால் பத்துப் பன்னிரண்டு பைக்.
இதென்ன கூத்து பெரீம்மா, என்ன எழுதியிருக்குது?

யாருக்கும் படிக்க வராத பனியனில் ஒரு வசதி:
வாயைத் திறந்து சொல்லியாக வேண்டும்.
சொன்னேன். தொண்டை நடுங்கிற்று.
ஊர் என்ற சொல்லை மட்டும் அழுத்தினேன்.

சிரித்தான். பின்னாலிருந்து யாரோ கெட்ட வார்த்தை.
ஒரு பைக் திரும்பிற்று. அப்புறம் இன்னொன்று.
மிச்சம் ஆறு பைக் எஞ்சினை அணைக்காமல்
எட்டரை வரைக்கும் நின்றன.
நாங்களும்.

அப்புறம் அந்தக் காகிதத்தைக் கிழிக்கப் போனேன்.
வீடு காலி வந்தது. இல்லை வரவில்லை.
பசை நன்றாகத்தான் காய்ச்சியிருக்கிறான்.

திங்கட்கிழமை ஷிஃப்ட் முடிந்து
ஸ்க்ரீன் சுரண்டும் தகட்டோடு பூல்மணி வந்தாள்.
தண்ணி தெளிச்சு பத்து நிமிஷம் ஊறட்டும் அக்கா என்றாள்.
ஊறும் வரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்:
இதுல எது 'இல்லை'?

காட்டினேன்.